மேடைக்குப் பிள்ளையைக் கொடுத்த வீடுகள்

தமிழ் நாடக வரலாற்றை எழுதியவர்கள் வாத்தியார்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்; நடிகர்களைப் பற்றி அதைவிட நிறைய. பிள்ளையை நாடகக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருந்த தாய் தகப்பனைப் பற்றி ஓரிரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. கிடைக்கிற வரிகளும் அவர்களை வாழ்த்திவிட்டு நகர்ந்துவிடுகின்றன: பெற்றவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு மகனைக் கலைக்குத் தந்தாள், தகப்பன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பினான் என்கிற தோரணையில். அந்த வாழ்த்துக்குப் பின்னால் ஒரு வரவு செலவு மறைந்திருக்கிறது. சிறுவர்களை வைத்து நடந்த இசை நாடகம் ஒரு தொழில். சாப்பாடு, படிப்பு, பராமரிப்பு, பிள்ளைக்குக் குரல் போன பிறகான பிழைப்பு என்று அந்தத் தொழிலுக்கு ஆகவேண்டிய செலவில் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் வீடுகள் சுமந்தன. குடும்பத்தின் தியாகம் என்று நாம் கொண்டாடுவது, கம்பெனியும் ரசிகர்களும் கொடுக்காமல் விட்ட பாக்கி. அந்தப் பாக்கியை வேறு யாராவது ஏற்றுக்கொண்ட இடங்களில் தியாகம் குறைந்தது, கலை குறையவில்லை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேள்வியை மேல்சித்தாமூரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர் அது. அந்த ஊரை மையமாக வைத்துச் சுற்றிப் பார்த்தால் தமிழ் மேடையின் இரண்டு மரபுகளும் கண்ணில் படும். பழைய செஞ்சியான மேலச்சேரியில் இருக்கும் திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து நடக்கும் ஒரு பெரும் வட்டாரத்துக்குத் தாய்க்கோயிலாகக் கருதப்படுகிறது. வடக்கே புரிசை, தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வரும் தம்பிரான் குடும்பத்தின் ஊர். தெற்கே விழுப்புரம், 1928 அக்டோபர் 1 அன்று சிவாஜி கணேசன் பிறந்த ஊர். தென்கிழக்கே புதுச்சேரி, நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பரில் கண்மூடிய ஊர். ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் பிள்ளை வீட்டோடு இருந்து கற்றது. பாலர் சபை என்ற பாய்ஸ் கம்பெனியில் வீட்டை விட்டுப் போய்க் கற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வீடு கொடுத்த விலை எது, கலை கேட்ட விலை எது என்று பிரித்தறிய முடியும்.

பாலர் சபைகள் ஏன் தோன்றின என்பதிலிருந்து தொடங்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகங்கள் ஓங்கியிருந்தன. ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பெயர் வர வரச் சம்பளமும் ஏறியது, கட்டுப்பாடும் தளர்ந்தது. பாடத்தில் இல்லாததைப் பாடுவது, நேரத்துக்கு வராதது, குடித்துவிட்டு மேடையேறுவது என்று வாத்தியார்களுக்குத் தலைவலி. இதில் மனம் வெறுத்துத்தான் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார் என்பார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, பிறகு நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை என்று ஒரு வரிசையே எழுந்தது. கலைக்கு இது நன்மை செய்தது. பாடம் சிதையாமல் நின்றது, கூட்டாக நடிக்கும் ஒழுங்கு வந்தது. முதலாளிக்கும் நன்மைதான். பெரியவர்களிடம் பேரம் பேசவேண்டிய இடத்தில் சிறுவர்களிடம் அதட்டல் போதும். ஒழுக்கம் என்று சொல்லப்பட்டதில் ஒரு பாதி, எதிர்த்துப் பேச முடியாத வயது.

அந்த ஒழுக்கம் எப்படிப்பட்டது என்பதைக் கம்பெனி வீட்டின் ஒரு நாள் சொல்லும். விடிவதற்கு முன் எழுந்து சாதகம், பிறகு பாட்டு, வசனம், ஆட்டம் என்று வாத்தியாரிடம் பாடம், தப்பினால் பிரம்பு. பகலில் ஒத்திகை, இரவில் ஆர்மோனியக்காரருக்கு எதிரே ஊரெல்லாம் கேட்கும்படி மைக் இல்லாமல் பாட்டு. நள்ளிரவு தாண்டி முகத்தில் பூசிய அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் படுக்கை. சில வாரமோ சில மாதமோ போனால் அடுத்த ஊர். பெற்றவர்களிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். நடுவில் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வது எளிதல்ல. பள்ளிக்கூடம் என்ற ஒன்று இந்த நாளில் எங்கேயும் நுழையவில்லை.

யார் இப்படிப் பிள்ளையைக் கொடுத்தார்கள்? பெயர் தெரிந்த வீடுகளைப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கிறது. எம்.ஜி.ஆர். 1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர். தகப்பனார் கோபால மேனன் இறந்த பின் தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து, வீட்டு வேலை செய்து காப்பாற்றினார். ஆனையடிப் பள்ளியில் சில வகுப்பு படித்ததோடு சரி. அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி. அவருடைய முதல் வேஷம் நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை என்று சொல்லப்படுவது வழக்கம். சிவாஜியின் தகப்பனார் சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். குடும்பம் திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்குப் பெயர்ந்திருந்தது. சம்பாதிக்கும் ஆள் இறந்த வீடு, சிறைக்குப் போன வீடு, சம்பாத்தியமே இல்லாத வீடு: கம்பெனிக்குப் பிள்ளை வந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட வாசல்களிலிருந்து. வீட்டில் சாப்பிடும் ஒரு வாய் குறைந்தது. கொஞ்சம் பணம் வந்தாலும் வரலாம். அது கலைக்கு எடுத்த முடிவு என்பதைவிடச் சோற்றுக்கு எடுத்த முடிவு என்பதே பொருந்தும்.

இவற்றில் சிவாஜியின் கதையில் மட்டும் கொடுத்தவர் யாரும் இல்லை. கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த மயக்கத்தில் இருந்த சிறுவன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழு திருச்சியில் இருந்தபோது, தான் தாய் தகப்பன் இல்லாத அனாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொண்டதாக அவரே பதிவு செய்திருக்கிறார். இந்தப் பொய்யை நாம் குறும்பாக நினைத்துச் சிரிக்கிறோம். பொய் ஏன் பலித்தது என்று கேட்டால் சிரிப்பு அடங்கும். அனாதை என்றதும் வாசல் திறந்தது. கேட்பார் இல்லாத பிள்ளை கம்பெனிக்குத் தொல்லை இல்லாத பிள்ளை. அங்கே பெற்றோரின் சம்மதம் ஒரு நிபந்தனையாகவே இல்லை என்றால், குடும்பம் மனமுவந்து செய்த தியாகத்தின் மேல்தான் மேடை நின்றது என்ற பேச்சுக்கு அடித்தளம் ஆட்டம் காண்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் டி.கே.எஸ். சகோதரர்கள். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை தாமே ஸ்திரீபார்ட் நடிகர். 1912இல் பிறந்த டி.கே. சண்முகம் ஆறு வயதில் அண்ணன்மாரோடு சுவாமிகளின் பால சபையில் சேர்ந்தார். அங்கே தகப்பனும் உடன் இருந்தார். பிள்ளையின் உடம்புக்கு என்ன, சம்பளம் என்ன என்று பேச வீட்டார் ஒருவர் இருந்தார். 1925இல் அந்தக் குடும்பம் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தானே தொடங்கியது. அதாவது, மேடையின் உள்வேலை தெரிந்த ஒரு குடும்பம் செய்த முதல் காரியம், பிள்ளைகளின் உழைப்பின் பலன் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டதுதான். தியாகம் அவ்வளவு உயர்ந்த வழி என்றால், அதன் விலை நன்றாகத் தெரிந்தவர்கள் அதிலிருந்து ஏன் விலகினார்கள்? அவர்களுடைய சபை பிறகு என்.எஸ். கிருஷ்ணன் தொடங்கிப் பலரை வளர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வசதியும் அறிவும் இருந்த இடத்தில் குடும்பமும் கலையும் சேர்ந்தே பிழைத்தன.

இந்தக் கணக்கில் கடைசியாக வருவதும் கனமாக வருவதும் மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் பையனின் குரல் உடையும் கட்டத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. பாட்டே உயிராக இருந்த மேடையில் குரல் உடைந்த பையனுக்கு வேஷம் இல்லை. பேர்பெற்ற பாடகச் சிறுவனாக இருந்த பி.யு. சின்னப்பாவே இந்தக் கட்டத்தில் கம்பெனியை விட்டு வெளியேறி, சிலம்பம் பழகிக் காலம் தள்ளித்தான் பிறகு மீண்டும் வந்தார். சின்னப்பாவுக்குத் திரும்ப ஓர் இடம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் எழுத்துப் படிப்பும் கைத்தொழிலும் இல்லாமல், பாதிப் பாட்டும் பாதி வசனமும் நினைவிருக்க ஊர் திரும்பினார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டு மறுபடி சோறு போட்டது அதே வீடு. கம்பெனி குரல் இருந்த ஆண்டுகளை வாங்கிக்கொண்டது. இல்லாத ஆண்டுகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. இதோடு கூத்தாடி என்ற வசவையும் சேர்க்க வேண்டும். மேடைக்குப் போன பிள்ளையால் அக்காள் தங்கைக்கு மாப்பிள்ளை அமைவது சிரமமாகும் என்ற பயம் அந்தக் காலத்து வீடுகளில் உண்மையான பயம். பெண் பிள்ளை மேடையேறினால் அந்தப் பேச்சு இரட்டிப்பாகும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்தப் பிள்ளைகள் கம்பெனிக்குப் போகாவிட்டால் மட்டும் என்ன ஆகியிருப்பார்கள்? மாடு மேய்த்திருப்பார்கள், பண்ணையில் நின்றிருப்பார்கள், பட்டினி கிடந்திருப்பார்கள். கம்பெனி சோறு போட்டது, தமிழைத் தெளிவாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தது, ஊர் ஊராக உலகத்தைக் காட்டியது. பழைய நடிகர்கள் தங்கள் வாத்தியார்களை நன்றியோடுதான் நினைவுகூர்ந்தார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படிக்கும் எவரும் அந்த நன்றியின் உண்மையைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் அந்த நூல்களை எழுதியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மகரக்கட்டைக் கடந்து, பேர் வாங்கி, தன் கதையைக் கேட்க ஆள் சேர்ந்தவர்கள் அவர்கள். ஊர் திரும்பியவர்கள் சுயசரிதை எழுதவில்லை. ஜெயித்தவர் நன்றி சொல்வதை வைத்து அந்த ஏற்பாடே நல்லது என்று முடிவு கட்ட முடியாது. வயலைவிட மேடை மேல் என்பதும் அன்றைய வயல் எவ்வளவு கொடியது என்பதைத்தான் நிரூபிக்கிறது. மேடை நியாயமானது என்பதை நிரூபிக்கவில்லை.

அடுத்த மறுப்பு கூத்து மரபிலிருந்து வருகிறது. அடவும் குரலும் சின்ன வயதிலேயே உடம்பில் ஏறினால்தான் உண்டு. பதினெட்டு வயதுக்கு மேல் கட்டை கட்டிக் கூத்தாடப் பழகுகிறவனுக்கு ஆட்டத்தின் சுழற்சி வராது. அங்கே பிள்ளை அப்பனோடும் மாமனோடும்தான் போகிறான், வீட்டை இழப்பதில்லை என்பார்கள். கற்றுக்கொள்வதற்கு இளமை வேண்டும் என்பது சரி. ஆனால் கற்பது வேறு, பிழைப்புக்காக ஆடுவது வேறு. அரிச்சந்திரன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிகச் சிறிய ஆள் லோகிதாசன். அப்பனின் கடனுக்காகத் தாயோடு விற்கப்பட்டு, பாம்பு கடித்துச் சாகும் பிள்ளை. கதையின் போக்குப்படி அவன் சாவது கடைசிப் பகுதியில். இரவு பத்து மணிக்கு மேல் முகவீணை ஒலிக்கத் தொடங்கும் கூத்தில் மயான காண்டம் வரும்போது விடியல் நெருங்கிவிடும். பார்க்கிறவர்களே தூணில் சாய்ந்து உறங்கும் அந்த நேரத்தில் ஒரு சிறுவன் பிணமாக அசையாமல் கிடக்க, தாய் சந்திரமதி அவன் மேல் விழுந்து நீளப் புலம்புவாள். மேடையில் அவன் வேலை கொஞ்ச நேரம். அதற்காக அவன் இழந்தது முழு ராத்திரி, மறுநாள் பள்ளி. திருவிழாக் காலத்தில் அடுத்தடுத்து ஊர்கள் இருந்தால் எத்தனையோ நாள் பள்ளி. அப்பன் பக்கத்தில் இருப்பதால் தனிமை குறையும். தூக்கமும் படிப்பும் திரும்பி வராது.

நம் மேடைக் கதைகளே பிள்ளையைக் கொடுக்கும் பெற்றோரைச் சுற்றிச் சுழல்வது தற்செயலல்ல. அரிச்சந்திரன் விற்கிறான், சிறுத்தொண்டர் சீராளனை அறுக்கிறார், நல்லதங்காள் பசி தாளாமல் பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிறாள். முதல் இரண்டிலும் சோதித்த தெய்வம் கடைசியில் பிள்ளையைத் திருப்பித் தந்துவிடுகிறது. கொடுத்தது திரும்பும் என்ற உறுதியில்தான் பார்ப்பவர் மனம் அந்தக் கொடுமையைத் தாங்குகிறது. அந்த வேஷத்தைப் போட்ட பிள்ளையின் வீட்டுக்கு அப்படி ஓர் உறுதி கிடையாது. கதையின் உணர்ச்சியை நடிகனின் வீட்டுக்கும் ஏற்றி, அதையும் ஒரு புராணமாக ஆக்கிவிட்டோம் என்பதுதான் நடந்தது.

வேறு வழி உண்டா என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் பதில் சொல்கிறது. சிறு வயதிலேயே கூத்துக்கு வந்த பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் கூத்துப் பாடமும் சேர்த்துப் படித்தார்கள். ஆண்களின் கலையாக இருந்ததில் பெண் பிள்ளைகளும் பழகி மேடையேறினார்கள். படிப்பும் கூத்தும் ஒன்றையொன்று தின்னும் என்ற நம்பிக்கை அங்கே தகர்ந்தது. தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளி 2020இல் நின்றுபோனது. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் கலையே ஏற்றுக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்பதை அந்தப் பள்ளி வெளிச்சமாக்கியது. அதுவரை அந்தச் செலவு இல்லாமலா இருந்தது? இருந்தது, வீடுகளுக்குள் இருந்ததால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை முழுக்கத் தடுத்தாலும் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத்தின் தொழிலில் உதவலாம். சர்க்கஸ் நீங்கலாகப் பொழுதுபோக்குத் துறையில் கலைஞராக இருக்கலாம். 2017இல் வந்த விதிகள் இரண்டாவது வாசலுக்குக் காவல் போட்டன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளராவது வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் இதில் ஒன்று இருந்திருந்தாலும் பல வீடுகளின் கதை மாறியிருக்கும். ஆனால் விதிகள் பேசுவது தயாரிப்பாளரையும் வணிக நிகழ்ச்சியையும் மனத்தில் வைத்து. கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பொதுப்பணத்தில் தாம்பூலம் வைத்து அழைக்கப்படும் ஜமாவில் தயாரிப்பாளர் என்று யாரைச் சொல்வது? குடும்பத் தொழில் என்ற முதல் வாசல் வழியாகவே கூத்துப் பிள்ளை போய்விடுகிறான். பள்ளி நேரம் போக என்ற நிபந்தனை, இரவெல்லாம் விழித்துவிட்டு வகுப்பில் உறங்குகிறவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

வெளிநாட்டு மேடையைப் பார்த்தால் இந்தச் செலவை எப்படிப் பங்கிடலாம் என்பது தெரியும். லண்டனில் 2005இல் தொடங்கிய ‘பில்லி எலியட்’ இசை நாடகத்தில் தலைமைச் சிறுவன் வேஷத்தைப் பல பையன்கள் முறைவைத்து ஆடினார்கள். நியூயார்க் அரங்கில் அதை ஆடிய மூவருக்கும் 2009இல் டோனி விருது சேர்த்தே கொடுக்கப்பட்டது. ‘மட்டில்டா’ இசை நாடகத்தில் தலைமை வேஷத்தை ஆடிய நான்கு சிறுமிகளுக்கு 2012இல் ஆலிவியர் விருது அப்படியே. இங்கிலாந்தில் சிறுவர் மேடையேற உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும், காப்பாளர் வேண்டும், படிப்புக்கு ஏற்பாடு வேண்டும். கலிபோர்னியாவில் ஜாக்கி கூகன் என்ற சிறுவர் நட்சத்திரத்தின் சம்பாத்தியம் பெற்றவர்களாலேயே கரைக்கப்பட்ட பிறகு, 1939இல் பிள்ளையின் பணத்தைக் காக்கச் சட்டம் வந்தது. அங்கும் பெற்றோர் ஊர் மாறுகிறார்கள், வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகள் கவனிப்பு இழக்கிறார்கள்; தியாகம் மறைந்துவிடவில்லை. ஆனால் நான்கு பேர் ஒரு வேஷத்தைப் பங்கிட்டால் ஒரு பிள்ளையின் பாரம் காலாகிறது, அந்தப் பங்கீட்டின் கூடுதல் செலவு நுழைவுச்சீட்டின் விலையில் ஏறுகிறது. பார்க்கிறவர் கொடுக்கிறார், வீடு கொடுப்பது குறைகிறது.

பணக்கார நாட்டு மேடையை ஏழைக் கூத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். ஜமாவுக்கு வரும் கூலியே போதாதபோது விதிகளைச் சுமத்தினால் கூத்து செத்துவிடும் என்ற அச்சமும் உண்மையானது. அதனால்தான் சுமையை வாத்தியார் தலையில் வைக்காமல், கூத்தை அழைக்கிறவர்கள் பக்கம் நகர்த்த வேண்டும் என்கிறேன். தாம்பூலம் வைக்கும்போதே பிள்ளை வேஷத்துக்கான தொகையைத் தனியாகப் பேசி, அதில் ஒரு பங்கைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடுவது ஒரு விழாக் குழுவால் முடியாத காரியமல்ல. பள்ளி நாள்களில் லோகிதாசன் வேஷத்தைப் படிப்பு முடித்த இளைஞர் ஒருவருக்குக் கொடுப்பதும், இரண்டு பிள்ளைகள் மாறி மாறி ஆடுவதும் வாத்தியார் நினைத்தால் நடக்கும். வேலை நேரத்தைக் கணக்கிடும்போது மேடையில் நின்ற நிமிடங்களோடு வேஷத்துக்காக விழித்திருந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும். கலைக்கு விருதும் நிதியும் தரும் அரசு, பயிற்சிப் பள்ளிகளின் சாப்பாட்டுச் செலவையும் கலைச் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் பெற்றவர்கள் பிள்ளைக்காக விட்டுக்கொடுப்பது நிற்காது. எந்த வித்தைக்குப் பிள்ளையை அனுப்பினாலும் வீடு ஏதோ ஒன்றை விடத்தான் செய்யும். கேள்வி, விடுவது வீட்டின் விருப்பமா, வேறு வழியில்லாத நெருக்கடியா என்பதே. பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் அது பெரும்பாலும் நெருக்கடியாக இருந்தது. அந்த நெருக்கடியை மலிவான மூலதனமாக்கித்தான் ஒரு பெரிய கலை வளர்ந்தது. அந்தக் கலையின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் செலவுக் கணக்கில் சத்தியபாமா போன்ற தாய்மாரின் பெயரை நன்றிப் பக்கத்தில் மட்டும் எழுதுவது போதாது. கடன் கொடுத்தவர்கள் பக்கத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் இன்று மேடையேறும் பிள்ளையின் வீட்டிடம் அதே கடனை நாம் மறுபடி வாங்காமல் இருப்போம்.